மை தீர்ந்த இடம்

நண்பர்களே, வணக்கம்.

சீனத் தூரிகை எழுத்தின் வரலாற்றை இன்றைய வாசகருக்கு ஒரு நூலாக வடிவமைக்க வேண்டும் என்றால், நான் முதலில் மேசையில் விரிப்பது ஓர் இரங்கலுரையின் வரைவைத்தான். கி.பி. 758. தாங் பேரரசின் அதிகாரி யான் சென்சிங், ஆன் லுஷான் கலகத்தில் பலியான தம் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்காக அதை எழுதுகிறார். தொடக்கத்தில் எழுத்து நிதானமாக நடக்கிறது. 'தந்தை சிக்கினார், மகன் மாண்டான். கூடு கவிழ்ந்தது, முட்டைகள் உடைந்தன' என்னும் இடத்துக்கு அது வந்து சேரும்போது நிதானம் போய்விடுகிறது. சொற்களை அடிக்கிறார், இடையில் செருகுகிறார். மை தீரத் தீரத் தூரிகை வறண்டு, கோட்டுக்குள்ளே வெள்ளை இழைகள் ஓடுகின்றன. சீனர்கள் இதற்கு வைத்த பெயர் 'பறக்கும் வெண்மை'. பிறகு திடீரென்று மறுபடியும் கரிய எழுத்து: தூரிகையை மையில் தோய்த்திருக்கிறார். அவர் கை எங்கே நின்றது, எங்கே விரைந்தது என்பதை 1200 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பார்க்க முடிகிறது. இன்று அந்தத் தாள் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் உயரம் ஏறத்தாழ 28 செ.மீ., நீளம் 75 செ.மீ. இதற்காக நான் எடுத்த முதல் மாதிரி அச்சில் பெரிய தவறு செய்தேன். பழுப்பேறிய தாளின் நிறத்தைக் கணினியில் துடைத்து வெண்மையாக்கினேன், கறுப்பை அழுத்தமாக்கினேன், இரண்டு பக்கங்களுக்குள் அடங்கும்படி சுருக்கினேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் பறக்கும் வெண்மை மறைந்துவிட்டது. அந்த மனிதரின் துயரத்தை நானே அழித்துவிட்டதாக உணர்ந்தேன். இரண்டாம் முறை அசல் அளவு, தாளின் நிறம், கறுப்புடன் கூடவே ஒரு சாம்பல் மை என்று மாற்றினேன். நூலின் நடுமடிப்பு எழுத்தை விழுங்காதபடி, வெளியே விரியும் மடிப்புத்தாளாக வைத்தேன். செலவு கூடியது, கூடட்டும்.

ஆமை ஓட்டிலும் எலும்பிலும் கீறிய, பழைய ஷாங் அரசமரபின் காலத்து எழுத்து, கி.மு. 221க்குப் பின் சின் பேரரசு ஒரே சீராக்கிய முத்திரை எழுத்து ஆகியவற்றுக்குச் சில பக்கங்கள் போதும். அதிக இடம் கேட்பவை கல்வெட்டுப் படிகள். ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒற்றி மை தட்டினால் கறுப்பில் வெள்ளை எழுத்து எழும். பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் அவற்றைப் பார்த்தே பழகினார்கள். ஆனால் உளி வடிவத்தைக் காக்கும். மையின் ஈரத்தையும் வறட்சியையும் காக்காது. ஆகவே படியையும் தூரிகைத் தாளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்க வேண்டும்.

சீனத் தூரிகை எழுத்தின் பெரும் கலைஞர் வாங் சீசி, ஒரு கவிதைத் தொகுப்புக்காக 353இல் எழுதிய 'லான்திங் முன்னுரை'யின் அசல் இன்று இல்லை, நகல்களே இருக்கின்றன. அதைப் படவிளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதில் ஒரே எழுத்து இருபது முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு உருவத்தில். அந்த இருபதையும் ஒரே பக்கத்தில் அடுக்கினாலே போதும், விளக்கவுரை வேண்டாம்.

இப்போது அந்த இரண்டாம் மாதிரி அச்சை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். வலமிருந்து இடமாக மெல்லத் திறந்து பாருங்கள். மை தீரும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு அடுத்தவரிடம் கொடுங்கள்.