தயிரும் பயிறும்

நேயர்களுக்கு வணக்கம். தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். முதுமையில் நினைவு மங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். காதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன், எழுபதைத் தாண்டியவர். தயிர் வாங்கிவரத் தேக்கா சந்தைக்கு அனுப்பினால் பச்சைப் பயிறோடு திரும்புவார். பேரன் ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையாட்டுவார். "இவருக்கு மறதி வந்துடுச்சு, தங்கச்சி" என்று அவர் மனைவி, எங்கள் அக்கா, அழாத குறை. ஒருநாள் அவர் பின்னால் நின்று, "அண்ணே, தயிர்" என்றேன். "பயிறா?" என்றார். மறப்பதற்கு, முதலில் அது காதில் விழுந்திருக்க வேண்டுமே!

வயதானால் முதலில் நழுவுவது கீச்சென்ற ஒலிகள்தான். குழந்தைக் குரல் எட்டாது. த எது, ப எது என்று குழம்பும். "சத்தம் கேக்குது, சொல்லுதான் புரியல" என்பார்கள். நம் வீடுகளில் கேட்காத பேச்சா இது?

அப்படியானால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். சொல்லைப் பிடிக்கவே மூளை திணறினால், மனத்தில் பதிய வைக்கத் தெம்பு ஏது? பேச்சுத் துணையும் குறைந்து, ஆள் மூலையில் ஒதுங்கிவிடுவார். லேன்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் முதுமை மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை அடுக்கியது. அதில் காது கேளாமைக்குப் பெரிய பங்கு. இங்கே சிங்கப்பூரில் மனநலக் கழகத்தின் 2023 ஆய்வுப்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 11 பேரில் ஒருவருக்கு அந்த நோய்.

காதுக்கருவி மாட்டினால் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் 3 ஆண்டுகள் சோதித்தார்கள். மறதி நோய் வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகமிருந்த முதியோரிடம் நினைவும் சிந்தனையும் சரியும் வேகம் ஏறக்குறையப் பாதியானது. மற்றவர்களிடம் பெரிய வித்தியாசமில்லை. இருந்தாலும் காதைச் சோதியுங்கள் என்பேன். சிலருக்கு வெறும் குறும்பிதான் அடைத்திருக்கும்! கருவிக்கு அரசாங்க உதவித்தொகையும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, கண்பார்வை, சிகரெட், தனிமை... ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். சரி, கண்புரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அண்ணனா? கருவி மாட்டிக்கொண்டார். வீட்டில் மிக்சி ஓடும்போது மட்டும் கழற்றிவிடுவாராம், இரைச்சல் தாங்கவில்லையாம். அக்கா நம்பவில்லை. வணக்கம்.