அரை மணித்தியாலமா, ஒரு மணித்தியாலமா?

நடுவர் ஐயா, முன்னால இரிக்கிற அம்மாமார், அக்காமார், பின்னால மதில்ல குந்திக்கிட்டு இரிக்கிற பொடியன்மார் எல்லாருக்கும் வணக்கம்.

வேலைத்தளத்துல நடக்கிற புள்ளக் காப்பகங்கள மூடுறதுதான் சரி என்டு எதிரணித் தம்பி இப்ப பேசிட்டுப் போனாரு. நல்லாத்தான் பேசினாரு, நடுவுல அவர்ர மகன் கீழ இருந்து வீரிட்டு அழுததால ஒருக்கா தடுமாறினாரு, அவ்வளவுதான். செலவு கூட என்டாரு, நம்மட ஊர்ல அம்மம்மாமார் இரிக்கக்குள்ள காப்பகம் எதுக்கு என்டாரு, மறுகா விடியச்சாமத்துல பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு பெக்டரி பஸ்ஸுல போறது பாவம் என்டாரு. அந்தக் கடைசிக் கதைக்கு நான் எதிர்த்துப் பேச மாட்டன், அது பாவம்தான். அதுக்கு பஸ்ஸத் திருத்துங்க, முன் சீட்டு ரெண்ட தாய்மாருக்கு விடுங்க, காப்பகத்துல புள்ள தூங்குற ஏணைய ஏன் அவுக்கிறீங்க?

செலவுக்கு வருவம். நம்மட இலங்கையில மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் என்டு ஒண்டு இரிக்கு, 1939ம் ஆண்டுச் சட்டம், பிறகு பல தரம் திருத்தினது. அதுல என்ன இரிக்கு தெரியுமா, ஒரு வயசு ஆகாத புள்ளக்கிப் பால் குடுக்கிற தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு தரம் நேரம் விடணும். வேலைத்தளத்துல காப்பகம் இருந்தா ஒவ்வொரு தரமும் குறைஞ்சது அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலம். அப்ப காப்பகத்த மூடின அண்டைக்கே ஒரு தாய்க்கு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கூடக் குடுக்கணும். 10 தாய்மார் என்டா 10 மணித்தியாலம், மாசத்துக்கு 25 நாள் வேல என்டா 250 மணித்தியாலம். ஆயா ரெண்டு பேர்ட சம்பளத்த மிச்சம் புடிச்சோம் என்டு சொல்ற முதலாளிமார் இந்தக் கணக்க ஒருக்கா போட்டுப் பாக்கட்டும்.

ஆனா எத்தின இடத்துல அந்த ஒரு மணித்தியாலத்தக் குடுக்கிறாங்க? குடுத்தாலும் என்ன, வேல ஏறாவூர்ல, வீடு கொக்கட்டிச்சோலப் பக்கம். 2014ல வாவிக்கு மேல மண்முனைப் பாலம் வந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்து நிக்கிற கரைச்சல் இல்லதான், எண்டாலும் ஒரு மணித்தியாலத்துல போய், பால் குடுத்து, ஏவறை எடுக்க வெச்சு, திரும்பி வர ஹெலிகொப்டரா இரிக்கு?

நானும் தையல் லைன்ல இருந்தவதான். எந்த பெக்டரி என்டு கேக்காதீங்க, சொல்ல மாட்டன். கென்டீனுக்குப் பின்னால சின்ன அறை, வளையில நாலு ஏணை, ஒரு கேஸ் அடுப்பு, அவ்வளவுதான் காப்பகம். லீவு 12 கிழமை, புள்ள பிறக்க முந்தி ரெண்டு போனா பிறகு 10 கிழமைதான் மிச்சம். ரெண்டரை மாசப் புள்ளயோட நான் வேலைக்கித் திரும்பினன். கிளினிக்ல மிட்வைஃப் மிஸ் சொல்றா, 6 மாசம் தாய்ப்பாலத் தவிர தண்ணி கூடக் குடுக்கப்படாது என்டு. மிச்ச மூண்டரை மாசத்துக்கும் நான் நம்பினது அந்த அறையத்தான், ஒரு மாசக் கடைசியில நோட்டீஸ் ஒட்டி அதப் பூட்டிட்டாங்க. மறுகா பத்து மணியாகக்குள்ள நெஞ்சு கல்லாட்டம் கட்டும், ஓவர்லொக் மெசின்ல குனிய ஏலாது, சட்டைக்குள்ள துவாயத் துண்ட மடிச்சு வெச்சிரிப்பன், அதும் நனைஞ்சிரும். டொய்லெட்டுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிட்டு பாலக் கையால பீச்சி பேசினுக்குள்ள ஊத்தித் தண்ணியத் திறந்து விட்டன். வெளிய இருந்து சூப்பவைசர் கதவத் தட்டுறா, "என்ன புள்ள இவ்வளவு நேரம்?" என்டு. வீட்டுல என்ட புள்ள பவுடர் பால் குடிச்சிக்கிட்டு இரிக்கு, இஞ்ச பால் தண்ணியோட போகுது.

இப்ப அம்மம்மா கதைக்கு வருவம். ஓம், மட்டக்களப்புல பொண்ணுக்கு வீடு குடுத்து தாய் பக்கத்து வளவுலதான் இரிப்பா, இல்லண்டு சொல்லல. ஆனா தம்பி நினைக்கிற அம்மம்மா நரைச்ச கொண்டையோட திண்ணையில வெத்தில இடிச்சிக்கிட்டு இரிக்கிறா. நம்மட அம்மம்மாமாருக்கு 45, 48 வயசு தம்பி! ஒராள் வயலுக்குப் போறா, ஒராள் இடியப்பம் அவிச்சுக் கடைக்குப் போடுறா, என்ட அம்மா குவைத்துல. இன்னொண்டையும் சொல்லணும், 2013ல அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச புள்ள இருந்தா வீட்டு வேலைக்கு வெளிநாடு போகேலாது என்டு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிச்சு, பிறகு தளர்த்தினாங்க. அப்ப வெளிநாடு போகக் கேட்ட தாய்மாருக்கிட்ட, புள்ளய ஆரு பாக்கிற என்டு அறிக்கை கேட்டாங்க. அப்ப உள்ளூர்ல வேல செய் என்டும் சொன்னாங்க. சரி, உள்ளூர்ல வேலைக்கி வந்தம். காப்பகத்தப் பூட்டக்குள்ள மட்டும் புள்ளய ஆரு பாக்கிற என்டு ஒருத்தரும் அறிக்கை கேக்கல்ல.

தகப்பன்மார் பாக்கலாமே என்டு பின்னால ஆரோ சத்தம் போடுறீங்க, அதுவும் சரிதான், அப்ப அந்த அறை தகப்பன் வேல செய்ற இடத்துலயும் இரிக்கணும். தம்பிட மகன் இவ்வளவு நேரமும் எங்க இருந்தவன்? தம்பி மேடையில ஏறினதுல இருந்து எங்கட அணித் தலைவி அக்காட மடியில. தம்பி, போய் வாங்குங்க, எழும்பிட்டான், அடுத்ததா அக்கா பேசணும்.