தூக்கைத் திறந்தால் புளியோதரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கன்று வீட்டுக்கொரு சாதம் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போகிறோமே, அங்கே கூட்டத்தை ஜெயிப்பது புளியோதரையா, தயிர்சாதமா? நான் தயிர்சாதக் கட்சி. உடம்புக்குக் குளிர்ச்சி, வயிற்றுக்கு இதம் என்று எங்கள் அணித்தலைவர் காரணங்களையெல்லாம் அழகாகச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மிச்சம் இருப்பது சண்டை மட்டும்தான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "தயிர்சாதம் ஒரு சமையலா? அது சமையலுக்கு எழுதிக் கொடுக்கிற லீவு லெட்டர்! அலாரம் அடித்தும் எழுந்திருக்காத வீட்டிலிருந்து வருவதுதான் தயிர்சாதம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் அந்த அம்மா விசிலே அடித்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்மா.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் தயிர் எங்கிருந்து வருகிறது? ஃப்ரிட்ஜிலிருந்து என்கிறார். சரி, ஃப்ரிட்ஜுக்கு எங்கிருந்து வருகிறது? நடுவர் அவர்களே, அண்ணன் மைக்கைப் பார்க்கிறார். மைக்கிலிருந்து வராது அண்ணே. முந்தின நாள் ராத்திரி யாரோ ஒருத்தர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். அந்த ஒருத்தர் யார் என்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அப்புறம் லீவு லெட்டரை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கலாம்.

அலாரம் விஷயத்துக்கு வருகிறேன். புளியோதரைக்கு என்ன வேண்டும்? புளிக்காய்ச்சல். அதை எப்போது செய்வார்கள்? போன வாரமே செய்துவிடுவார்கள்! நல்லெண்ணெய் மேலே மிதக்க மிதக்க பாட்டிலில் உட்கார்ந்திருக்கும். ஆடிப்பெருக்கன்று காலையில் சாதத்தை வடித்துத் தட்டில் கொட்டி, நாலு கரண்டி காய்ச்சலைப் போட்டுக் கிளறினால் முடிந்தது. கடையில் விற்கிற காய்ச்சல் என்றால் அந்தப் போன வாரமும் வேண்டாம். இதில் அலாரம் எங்கே அடித்தது அண்ணே?

தயிர்சாதத்துக்கு வாருங்கள். காலையில் தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துப் போனால் மத்தியானம் அது என்ன ஆகும்? ஆடி மாத வெயிலில் வேனுக்குள் கிடந்து புளித்து, புளியோதரைக்கே தம்பியாகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தயிரை ஊற்றுவதில்லை. ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிடுவார்கள். சூடாக இருக்கும்போதே மத்தால் மசிப்பார்கள், ஆறினால் மசியாது. காய்ச்சிய பாலை இரண்டு டம்ளர் ஊற்றி, விரலை விட்டால் இதமாக இருக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, அப்புறம்தான் ஒரு சின்னக் கரண்டி தயிர். அவ்வளவுதான். சூடு அதிகமாக இருந்தால் உறை செத்துப்போகும். ரொம்ப ஆறிவிட்டால் மந்தமாகிவிடும். 40 டிகிரி வாக்கில் இருந்தால் அது சந்தோஷமாக வேலை பார்க்கும். தூக்குக்குள்ளே, வேன் போகிற வழியிலேயே, பால் தயிராகும். இலை போடுகிற நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்து நிற்கும். புளியோதரை, அண்ணே, சமையலறையில் முடிந்துபோகிற சமாசாரம். தயிர்சாதம் வேனில் உட்கார்ந்துகொண்டும் சமைந்துகொண்டே வருகிறது. யார் லீவில் இருக்கிறார்?

பெருமாள் கோயில் என்றாலே புளியோதரை என்று இன்னொரு அம்பும் விட்டார். ரொம்ப சரி. ஆனால் திருமலையில் கருவறை வாசலில் இருக்கிற குலசேகரப் படியைத் தாண்டி உள்ளே போகிற நைவேத்தியம், மண் ஓட்டில் வைத்த தயிர்சாதம் என்று சொல்வார்கள். புளியோதரை பக்தர்களுக்கு, தயிர்சாதம் பெருமாளுக்கு. இதற்கு மேல் கோயில் பேச்சு வேண்டாம்.

இப்போது கதைக்கு வருகிறேன். நடந்த கதை.

எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து வேன் பிடித்துத் திருவையாறு புஷ்ய மண்டபத் துறைக்குப் போவது வழக்கம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் இருக்கும். இல்லாத வருஷம் பம்புசெட்டில்தான் ஆடிப்பெருக்கு. அந்த வருஷம் நல்ல தண்ணீர், படி முழுகிப் போகிறது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, காப்பரிசி, பழமெல்லாம் வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, பிள்ளைகள் சப்பரத்தை இழுத்து இழுத்து ஒரு சக்கரத்தைக் கழற்றிப்போட்டு, எல்லாருக்கும் நல்ல பசி. பாயை விரித்தோம். வட்டமாக உட்கார்ந்தோம்.

முதல் வீட்டுத் தூக்கைத் திறந்தார்கள். புளியோதரை. "ஆகா!" என்றோம். மனப்பூர்வமான ஆகா.

இரண்டாம் வீடு. புளியோதரை. "எள்ளு வறுத்துப் பொடி பண்ணிப் போட்டிருக்கேன்" என்றார் அந்த அத்தை. சரி, எள்ளுக்கு ஒரு ஆகா.

மூன்றாம் வீட்டில் தூக்கு இல்லை, ஹாட்பேக். புது ஹாட்பேக். உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். மூடியைத் திருகினார்கள். புளியோதரை, சூடாக. கொண்டைக்கடலை போட்டது.

நாலாம் வீட்டு மாமா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுல என்ன மாமா?" "அது ஒரு சாதம்." "என்ன சாதம்?" "கலந்த சாதம்தான்." "என்ன கலந்தது?" மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லேசா புளிப்பா இருக்கும்" என்றார்.

ஐந்தாவது எங்கள் வீடு. சிரிக்காதீர்கள். அண்ணியும் நானும் சேர்ந்து செய்தது. நாங்கள் நிலக்கடலை போட்டிருந்தோம். அது வேறு சாதம்தானே?

நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அதனால் அந்த நாலாம் வீட்டை மட்டும் இன்னொரு தடவை. மூடியில் கை. கண் ஆற்றில். "என்ன சாதம் மாமா?" "லேசா புளிப்பா இருக்கும்." அந்த மாமா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பொய் சொல்ல வராது. உண்மையையும் சொல்ல முடியவில்லை, பாவம்.

சரி, சாப்பிட ஆரம்பித்தோம். எங்கள் பெரியம்மாதான் கூட்டத்துக்குத் தலைவி. ஒவ்வொரு வீட்டுப் புளியோதரையிலும் ஒரு கை எடுத்து ஒவ்வொருத்தரையும் பார்த்து, "இது ஒரு ருசி", "இது ஒரு ருசி" என்றார். ஐந்து வீட்டுக்கும் அதே வாசகம். மூன்றாவது வீட்டைத் தாண்டும்போதே அவர் தண்ணீர்ச் சொம்பைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ஐந்து வகை நல்லெண்ணெய் தொண்டையில் இறங்கினால் யார்தான் வைப்பார்கள்?

அப்போது இரண்டாம் வீட்டுச் சின்னப்பிள்ளை, நாலு வயசு, சப்பரக் கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டது: "தயிர்சாதம்?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை காத்திருக்கவில்லை. பக்கத்துப் பாயில் வேற்றூர்க் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்கள் குண்டானைத் திறந்திருந்தார்கள். வெள்ளையாக, மேலே கடுகும் இஞ்சியும் தாளித்து, மாதுளை முத்து தூவி, ஓரத்தில் மாவடு. மோர்மிளகாயைத் தனியாக ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார்கள். சாதத்தின் மேலேயே வைத்துக் கட்டினால் நமுத்துப்போகும் என்று தெரிந்த கை அது! பிள்ளை நேராகப் போய் அவர்கள் பாயில் உட்கார்ந்துவிட்டது.

பிள்ளையைக் கூட்டிவர அம்மாக்காரி போனாள். திரும்பி வரவில்லை. அம்மாக்காரியைக் கூட்டிவர அவள் வீட்டுக்காரர் போனார். வரவில்லை. "என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு வா" என்று பெரியம்மா என்னை அனுப்பினார். நான் பார்த்தேன். மாவடுவைக் கடித்துக்கொண்டே பார்த்தேன். ஹெட்மாஸ்டர் மாமா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் தட்டோடு நின்றார். கடைசியில் எங்கள் பாயில் பெரியம்மாவும் ஐந்து தூக்குப் புளியோதரையும் மட்டும்தான் மிச்சம். காக்காய்கூட முதல் வீட்டோடு போதும் என்று போய்விட்டது.

சும்மா வாங்கிச் சாப்பிடுவது மரியாதை இல்லையே என்று பெரியம்மா எங்கள் புளியோதரையில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போய் அந்தக் குடும்பத்து அம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா ரொம்பத் தன்மையாகச் சிரித்து, "வைங்கக்கா. எங்க வேன்லயும் ஒரு தூக்கு இருக்கு. யாரும் கேக்கலைன்னு இறக்கவே இல்ல" என்றார்.

கைதட்டலுக்கு நன்றி. அண்ணனும் தட்டுகிறார், அவருக்கும் நன்றி.

புளியோதரை நாள் முழுக்கக் கெடாது என்று எதிரணியின் கடைசிப் பேச்சாளர் சொல்லப் போகிறார். நானே சொல்லிவிடுகிறேன், கெடாது. புளியும் எண்ணெயும் காவல் இருக்கின்றன. தூர யாத்திரைக்கு அதைத்தான் கட்ட வேண்டும். ஆனால் கேள்வி எது கெடாது என்பதா, எது தீர்ந்துபோகும் என்பதா? கூட்டாகச் சாப்பிட்டுத் திரும்பும்போது எந்தத் தூக்கு ஆடுகிறது, எது கனக்கிறது என்று தூக்கிப் பாருங்கள்.

நேரம் இருக்கிறதா நடுவர் அவர்களே? இரண்டு நிமிஷம். போதும்.

அந்த வருஷம் மட்டும் எங்கள் கூட்டத்தில் தயிர்சாதம் ஏன் இல்லாமல் போயிற்று? எத்தனையோ வருஷமாக அது எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அம்மா செய்வார். அந்த வருஷம் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா ஊரில் இல்லை. தயிர்சாதம் எப்படியும் வந்துவிடும் என்றே ஐந்து வீடும் இருந்துவிட்டன. எங்கள் வீடு உட்பட.

அப்பா போனதிலிருந்து அம்மா துறைக்கு வந்ததில்லை. "கயிறு மாத்துற இடத்துல எனக்கென்ன வேலை?" என்பார். ஆனால் முந்தின நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்: வேன் எத்தனை மணிக்கு? படைத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எப்போது சாப்பிட உட்காருவீர்கள்? வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். வெயில் வரும் என்று தோன்றினால் உறை கொஞ்சம் குறையும். மப்பாக இருந்தால் அரைக் கரண்டி கூடும். தான் போகாத இடத்தில், தான் உட்காராத பாயில், எத்தனை மணிக்கு அது தோய வேண்டும் என்று வீட்டில் நின்று கணக்குப் போடுவார். தூக்கை என் கையில் கொடுக்கும்போது "ஆட்டாம கொண்டு போ" என்பார். வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நிற்பார். எனக்கு அப்போதெல்லாம் அது ஒரு தூக்கு. அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் முந்தின நாள் சாயங்காலம் பெரியம்மா தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தயிர்சாதம் கேட்டு வரவில்லை. "நாளைக்கு நீ வர்றே" என்றார். அம்மா சிரித்து மழுப்பினார். "நான் எதுக்குக்கா? தூக்கைக் குடுத்து விடறேன்." பெரியம்மா சொன்னார்: "தூக்கு மட்டும் தனியா வந்தா வேன்ல ஏத்த மாட்டோம்."

வந்தார். அப்பா இருந்தபோது கட்டிய அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, மடியில் தூக்கை வைத்துக்கொண்டு, ஆடாமல் வந்தார். துறையில் ஒதுங்கித்தான் உட்கார்ந்தார். பெரியம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் வீட்டு அத்தை போனார். அப்புறம் பாயையே அங்கே இழுத்துப் போட்டுவிட்டோம்.

அம்மா மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் ஓரத்தை லேசாக விலக்கிப் பார்த்தார். காற்று குளிர்ந்து அடித்ததாலோ என்னவோ, "இன்னும் தோயலை. அரைமணி ஆகும், நீங்க மத்ததைச் சாப்பிடுங்க" என்றார்.

அந்த அரைமணி யாரும் மூன்றாம் வீட்டு ஹாட்பேக்கைத் திறக்கவில்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.