கல்லாவில் உட்கார்ந்தவர்களும் உட்காராதவர்களும்

(கும்பகோணத்தில் சிறுவணிகர் கூட்டம் ஒன்றில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

சிறுதொழில் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்க இந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்திருக்கிறேன். ஒரு பாத்திரக்கடை முதலாளி சிரித்தார். "பத்து வயசுல அப்பாவோட கடைக்கு வந்தவன் நான். எனக்கு என்ன சொல்லித் தரப்போறீங்க?" அடுத்த தெருவில் வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கும் அக்கா கேட்டது வேறு: "சர்டிபிகேட் கொடுப்பீங்களா சார்?"

இதைக் கேட்டதும், பயிற்சி என்றால் ஆண்களுக்கு வீம்பு, பெண்களுக்கு ஆர்வம் என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முதலாளி ஏற்கெனவே பயிற்சி எடுத்தவர். யாருக்குக் கடன் கொடுக்கலாம், முகூர்த்த மாதத்துக்கு எவ்வளவு சரக்கு எடுக்கலாம் என்பதை அப்பா பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய தங்கையை யாரும் கல்லாவில் உட்காரவைக்கவில்லை, அவ்வளவுதான். அப்பள அக்காவுக்கு அந்தக் காகிதம் எதற்கு? பேங்கில் அவர் வாய்ச்சொல் எடுபடாது, அதற்கு.

பட்டு நெய்கிற திருபுவனத்தில் பாருங்கள். தறிக்கு ஊடை நூல் (தார்) சுற்றுவது, நீளவாக்கு நூலான பாவுக்குக் கைகொடுப்பது என்று பாதி வேலை பெண்களுடையது. ஆனால் நெசவாளர் யார் என்று கேட்டால் கை கணவர் பக்கம் நீளும்.

அப்புறம், வகுப்புக்கு நாள் குறிக்கிற லட்சணம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் இங்கே குறுவை நடவு. சின்னதாகத் தொழில் செய்கிற பெண்களில் பலர் நடவுக்கும் போகிறவர்கள். அந்த நேரத்தில் காலை 10 மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, பெண்களிடம் ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதினால் எப்படி? பாடமும் தையல், ஊறுகாய், மறுபடி தையல். ஊறுகாய் போட அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா? தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உணவுப் பதப்படுத்தும் கல்வி நிறுவனமே இருக்கிறது. கெடாமல் பாக்கெட் போடுவது, லேபிளில் என்ன அச்சிடுவது, அடக்கவிலை போடுவது, இதையல்லவா கேட்கிறார்கள்?

சரி, அந்த முதலாளி கதைக்கு வருகிறேன். "நீங்க படிக்க வர வேண்டாம், பாக்கி வசூல் பண்றது எப்படின்னு சொல்லித்தர வாங்க" என்றேன். வந்தார். அருமையாகப் பேசினார். பேசி முடித்தும் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜிஎஸ்டி வகுப்பு முழுக்கக் கேட்டார். கிளம்பும்போது மெதுவாக, "அடுத்த வகுப்பு என்னைக்கு? எங்க மருமகளுக்குத்தான் கேட்கிறேன்" என்றார்.