செய்திக்கு மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

உலக நடப்புகளையும் அரசியலையும் பார்க்கும்போது ஒரு மாணவிக்கு மனதில் என்ன தோன்றுகிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் வரலாறு படிப்பவள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய போரைப் பற்றிக் கேட்டால் ஓரளவு நிதானமாகப் பதில் சொல்லிவிடுவேன். போன வாரம் நடந்ததைக் கேட்டால் கோபம்தான் முதலில் வருகிறது. சரி, கேட்டுவிட்டீர்கள். அந்தக் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்தியே பார்ப்பதில்லை என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். அது சரியில்லை. எங்களால் செய்தியிலிருந்து தப்பிக்கத்தான் முடியவில்லை. கைபேசியைத் திறந்தால் ஒரு பூனைக்குட்டி, அடுத்து இடிந்து கிடக்கும் ஒரு மருத்துவமனை, அடுத்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு, அப்புறம் எங்கோ ஒரு பிரதமர் பதவி விலகிய சேதி. எல்லாமே அரை நிமிடம். எல்லாமே உச்சக்கட்டம். முன்னால் என்ன நடந்தது என்பதும் இருக்காது, பிறகு என்ன ஆனது என்பதும் இருக்காது. எனக்கு வரவர அந்த 'பிறகு என்ன ஆனது' என்பதுதான் பெரிய ஏக்கமாக இருக்கிறது. இன்றைக்கு நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

என் வயதுக்காரர்களை அண்மையில் ரொம்பவே உலுக்கிய செய்தி நேபாளம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசு 26 சமூக ஊடகத் தளங்களுக்குத் தடை போட்டது. அந்த நிறுவனங்கள் முறைப்படி பதிவு செய்துகொள்ளவில்லை என்பது அரசு சொன்ன காரணம். ஆனால் அதற்கு முன்பே அரசியல்வாதிகளின் பிள்ளைகள் வாழ்கிற ஆடம்பர வாழ்க்கையின் படங்கள் அங்கே கைமாறிக்கொண்டிருந்தன. படித்துவிட்டு வேலைக்காக வெளிநாட்டு விமானம் ஏறுவதே விதி என்றிருக்கிற இளைஞர்களுக்கு அந்தப் படங்கள் எப்படி இருந்திருக்கும்? செப்டம்பர் 8-ஆம் தேதி காத்மாண்டுவில் கூட்டம் திரண்டது. சீருடையோடு வந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்துபோனார்கள். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஓலி பதவி விலகினார். 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றார். அவர் பெயரை இளைஞர்கள் விவாதித்து முன்மொழிந்தது டிஸ்கார்டில். ஆமாம், வீடியோ கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் அதே இடம்தான்.

எங்கள் வகுப்பில் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. நடந்தது என்று வருகைப் பதிவேட்டில் இருக்கும், அது வேறு விஷயம். எல்லோருக்கும் ஒருவிதக் கிறக்கம். 'நம்மைப் போன்றவர்கள் ஒரு அரசாங்கத்தையே இறக்கிவிட்டார்கள்' என்ற கிறக்கம். எனக்கும் அது இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே செப்டம்பர் 9-ஆம் தேதி நாடாளுமன்றம் எரிந்தது, தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்தது, உச்ச நீதிமன்றமும் எரிந்தது. நீதிமன்றத்தில் ஏராளமான வழக்குக் கோப்புகள் சாம்பலாயின. வரலாறு படிப்பவளின் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்தக் கோப்புகள்தான் கண்ணுக்குள் நின்றன. ஊழல்வாதியின் வழக்கும் அதில் இருந்திருக்கும். அண்ணன் ஏமாற்றி எடுத்துக்கொண்ட நிலத்துக்காக வருடக்கணக்காக அலைந்த ஒரு விதவையின் வழக்கும் இருந்திருக்கும். இதைச் சொன்னதற்கு என் தோழி, "பத்தொன்பது பேர் செத்திருக்கிறார்கள், நீ காகிதத்துக்கு அழுகிறாயா?" என்று சண்டைக்கு வந்தாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இதே கிறக்கத்தை ஒரு வருடம் முன்னால் வங்கதேசம் கொடுத்தது. விடுதலைப் போராட்ட வீரர்களின் வழித்தோன்றல்களுக்கு அரசு வேலைகளில் 30 விழுக்காடு ஒதுக்கீடு என்பதை எதிர்த்து 2024 ஜூலையில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ரங்பூரில் ஒரு மாணவர் இரு கைகளையும் விரித்துக்கொண்டு காவல்துறையின் முன் நின்றார், சுட்டுக் கொன்றார்கள். இணையத்தைத் துண்டித்தார்கள். அந்த ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 5 விழுக்காடாகக் குறைத்தபோது காலம் கடந்திருந்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார். அந்த ஒன்றரை மாதத்தில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னர் அறிக்கை கொடுத்தது.

பிரதமர் இல்லத்துக்குள் புகுந்த கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போன காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? முகமது யூனுஸ் தலைமையிலான இடைக்கால அரசில் நாஹித் இஸ்லாம், ஆசிஃப் மஹ்மூத் என்று இரண்டு மாணவத் தலைவர்கள் அமைச்சருக்கு நிகரான பொறுப்பில் உட்கார்ந்தார்கள். நாஹித் இஸ்லாமுக்கு அப்போது 26 வயது. என் சீனியர்களின் வயது! சில மாதங்களில் அவர் பதவியை விட்டு விலகி, 2025 பிப்ரவரியில் தேசியக் குடிமக்கள் கட்சியைத் தொடங்கினார். அரசியல் சட்டம், தேர்தல் முறை என்று ஒவ்வொன்றுக்கும் சீர்திருத்த ஆணையங்கள் உட்கார்ந்து பேசின. கடைசியில் 'ஜூலை சாசனம்' என்று ஓர் ஆவணம் தயாராகி, 2025 அக்டோபர் 17 அன்று கட்சிகள் கையெழுத்திட்டன. அந்த விழாவில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கி நின்றது யார் தெரியுமா? மாணவர்களின் அந்தக் கட்சியேதான். இதற்குச் சட்டப்படியான உத்தரவாதம் எங்கே என்பது அவர்களுடைய கேள்வி. துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள், ஒரு வருடம் கழித்து ஒரு வாசகத்தின் சட்டத் தகுதிக்காக மல்லுக்கட்டினார்கள். எனக்கு அந்த இரண்டாவது சண்டை முதல் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் எனக்கு அரை நிமிட வீடியோ அனுப்பவில்லை. செய்தி உலகத்தில் ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.

இந்த 'மறுநாள்' பித்து எனக்கு எங்கிருந்து பிடித்தது என்று யோசித்தால், சூடான் என்று சொல்வேன்.

2019 ஏப்ரலில், நான் பள்ளியில் இருந்தபோது, ஒரு படம் உலகத்தைச் சுற்றி வந்தது. கார்ட்டூம் நகரில் பெருங்கூட்டத்தின் நடுவே, ஒரு காரின் மேல் ஏறி, வெள்ளை உடையில் கையை உயர்த்தி நிற்கும் ஓர் இளம்பெண். அலா சாலா என்ற கட்டடக்கலை மாணவி. ஏப்ரல் 11-ஆம் தேதி, முப்பது வருடமாக ஆண்ட ஒமர் அல் பஷீரை ராணுவமே நீக்கியது. என்னைப் பொறுத்தவரை கதை சுபம். அந்தப் படத்தை எத்தனையோ நாள் திரையில் வைத்திருந்தேன்.

ஜூன் 3-ஆம் தேதி, ராணுவத் தலைமையகத்துக்கு முன்னால் மக்கள் ஆட்சி கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் மீது தாக்குதல் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ராணுவமும் மக்கள் தரப்பும் சேர்ந்து ஆள்வது என்று ஓர் ஒப்பந்தம். அந்த அக்டோபரில் அலா சாலா ஐ.நா. பாதுகாப்பு அவையிலேயே பேசினார். போராட்டத்தில் முன்வரிசையில் நின்ற பெண்களுக்கு ஆட்சியில் உரிய இடம் இல்லை என்று சொன்னார். 2021 அக்டோபரில் ராணுவம் அந்தக் கூட்டு அரசைக் கலைத்தது. அதைச் செய்த இரண்டு பேர், ராணுவத் தளபதி புர்ஹானும் துணை ராணுவப் படைத் தலைவர் டகாலோவும், 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி ஒருவரை ஒருவர் தாக்கத் தொடங்கினார்கள். அந்தப் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக முற்றுகையில் கிடந்த எல் ஃபாஷர் நகரம் 2025 அக்டோபர் இறுதியில் துணை ராணுவப் படையிடம் விழுந்தது. அப்போதுதான் என் கைபேசியில் மறுபடியும் சூடான் தலைகாட்டியது. முற்றுகை நடந்த மாதங்களில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நடுவில் எந்தக் கேமராவும் அதிகம் கவனிக்காத ஒன்று நடந்தது. 2019-க்கு முன்னும் பின்னும் தெருத்தெருவாகப் போராட்டத்தை ஒழுங்குபடுத்திய எதிர்ப்புக் குழுக்கள் இருந்தன. போர் வந்ததும், அந்தக் குழுக்களின் பழக்கமும் தொடர்புகளும் 'அவசர உதவி அறைகள்' என்ற ஏற்பாடாக மாறின. பொதுச் சமையலறை நடத்துவது, மருந்து தேடிக் கொடுப்பது, குண்டு விழும் பகுதியிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவருவது, எல்லாம் தெருக்காரர்களே. பெரிய நிவாரண அமைப்புகளால் நுழைய முடியாத இடங்களிலும் அவர்கள் இருந்தார்கள். புரட்சி தோற்றது என்று எழுதுவதற்கு முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? தேர்வுத் தாளில் இதற்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியாது, நான் சேர்ப்பேன்.

ஐ.நா.வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதிகம் பேசினால் ரத்த அழுத்தம் ஏறும். பாதுகாப்பு அவையில் 15 நாடுகள். அதில் ஐந்துக்கு மட்டும் எந்த முக்கியத் தீர்மானத்தையும் ஒரே கையால் நிறுத்தும் 'வீட்டோ' அதிகாரம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான தீர்மானத்தை ரஷ்யா நிறுத்தியது. 2023 டிசம்பரில் காசா போர் நிறுத்தத் தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு தந்தும் அமெரிக்கா நிறுத்தியது. யார் செய்தாலும் எனக்கு வருவது அதே கோபம்தான். ஒரே ஆறுதல், 2022 ஏப்ரலில் லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாடு முன்னின்று கொண்டுவந்த விதி. அந்த அதிகாரத்தை யாராவது பயன்படுத்தினால், பத்து வேலை நாட்களுக்குள் பொது அவை கூடி அதைப் பற்றி விவாதிக்க வேண்டும். போர் இதனால் நிற்காது. ஆனால் ஏன் தடுத்தீர்கள் என்ற கேள்வியை எல்லா நாடுகளும் கூடிய சபையில் எழுப்பலாம்.

கோபத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பசிபிக் தீவு மாணவர்களின் கதையை. 2019-இல், வனுவாட்டுவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 27 சட்ட மாணவர்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி. பருவநிலை மாற்றத்தால் தீவுகள் மூழ்குகின்றன, சட்டத்தின் வழியாக என்ன செய்யலாம்? ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம் என்று முடிவு செய்தார்கள். நாமெல்லாம் அந்த இடத்தில் ஒப்படைப்பைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்போம். அவர்கள் அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. மற்ற நாடுகளை ஒவ்வொன்றாகச் சம்மதிக்க வைக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. 2023 மார்ச் 29-இல் ஐ.நா. பொது அவை வாக்கெடுப்பு இல்லாமலே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 டிசம்பரில், அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரில் இரண்டு வாரம் விசாரணை. 96 நாடுகள் வாதாடின. 2025 ஜூலை 23-இல், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் இழப்பீடு வரை போகலாம் என்று நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில் கருத்துச் சொன்னார்கள்.

கருத்துதான், கட்டாயப்படுத்த முடியாது. ஒரு நிலக்கரிச் சுரங்கமும் மறுநாள் மூடப்படவில்லை. ஆனால் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒரு வழக்கறிஞர் அதை எடுத்துக் காட்டலாம். எனக்குப் பிடித்தது இந்தக் கதையின் சலிப்பூட்டும் பகுதிதான். ஆறு வருடக் கடிதங்கள், கூட்டங்கள், வரைவுத் திருத்தங்கள். இதை அரை நிமிடத்தில் காட்டவே முடியாது. சுவையான துணுக்கு ஒன்று: 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதை 2025-இல் பெற்றவர்களில் அந்தத் தீவு மாணவர்கள் தொடங்கிய அமைப்பும் உண்டு, சூடானின் அவசர உதவி அறைகளும் உண்டு.

இப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். என்னைக் கோபப்படுத்திய செய்திக்கு ஒரு பக்கம். தேதி போட்டு எழுதிவிட்டு, அப்போதைக்கு மூடிவிடுவேன். பிறகு திரும்பிப் போய், அந்த ஊரில் என்ன ஆயிற்று என்று தேடிச் சேர்ப்பேன். நேபாளப் பக்கத்தில் 2026 மார்ச் 5 தேர்தல் என்று எழுதியிருக்கிறது. வங்கதேசப் பக்கத்தில் பிப்ரவரித் தேர்தல். அப்பா இதைப் பார்த்துவிட்டு, "தேர்வுக்கு வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். தலையில் அடித்துக்கொண்டாலும், அன்று ராத்திரி அவரே வந்து, "அந்தத் தீவு வழக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார்.

முடிக்கும் முன் இந்த வானொலி நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாளில் எத்தனையோ முறை இன்றைய செய்திகள் வாசிக்கிறீர்கள். வாரத்துக்குப் பத்து நிமிடம், போன வருடம் இதே வாரத்துச் செய்திகளை எடுத்து, அவை இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று வாசித்தால் என்ன? ஆள் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள். படிப்பு முடியப் போகிறது, எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.