நடைப்பயிற்சிக்கு முன்னால் சாப்பிடுவதா, பின்னாலா? ஒரு சந்தேகமும் விளக்கமும்

சரி, இந்தக் கேள்வியை முழுதாகவே வாசித்துவிடுகிறேன். "எனக்கு வயது 68, எடை 60 கிலோ. தினமும் காலையில் வெறும் வயிற்றில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள் சின்ன எடைகளும் தூக்குகிறேன். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரோட்டீன் பவுடர் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்கிறாள் மகள். என் கணவருக்கு 73. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். என்னோடு நடக்கும்போது சில நாள் கிறுகிறுப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறார். நாங்கள் எப்போது, என்ன சாப்பிட வேண்டும்?"

அம்மா, நீங்கள் இரண்டு பேரும் ஒரே பாதையில்தான் நடக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கான பதில் வேறு, அவருக்கான பதில் வேறு.

முதலில் அந்த அரை மணிக் கணக்கு. வீண் எல்லாம் இல்லை, மகளிடம் சொல்லிவிடுங்கள். எடை தூக்கிய தசை, சாப்பாட்டில் வரும் புரதத்தை எடுத்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலையை ஒரு நாள் முழுக்க, அதற்கு மேலும்கூடச் செய்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து, குளித்து, நிதானமாகச் சாப்பிட்டால் போதும்.

கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். இளவயதில் தசையை மெல்லக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கும். 65-க்கு மேல் அதற்குக் காது கொஞ்சம் மந்தம். உரக்கக் கூப்பிட வேண்டும். அதாவது, ஒரு வேளைச் சாப்பாட்டில் கொஞ்சமாகப் புரதம் வந்தால் அது கண்டுகொள்வதில்லை. ஒரே வேளையில் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.4 கிராம் சேர்ந்து வந்தால்தான் வேலையைத் தொடங்குகிறது. உங்கள் 60 கிலோவுக்கு அது 24 கிராம். அதே மாதிரி மூன்று வேளை சாப்பிட்டால் 72 கிராம். நாள் கணக்கில் பார்த்தாலும், பயிற்சி செய்யும் முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்று சொல்லப்படும் அளவு இதுதான்.

நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் காலையில் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு கப் டீ, அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் நிறைய. அதில் ஏழு கிராம் தேறினால் அதிகம். நடந்து, எடை தூக்கி, பசியோடு வந்த தசைக்கு அன்றைய நாளின் மிக மெலிந்த சாப்பாட்டைக் கொடுக்கிறோம்! மகள் சொல்வதில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது.

அதே காலை உணவில் இரண்டு முட்டை வையுங்கள், 12 கிராம். 200 மில்லி பால் ஒரு டம்ளர், ஆறரை கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஏழு கிராம். கணக்கு முடிந்தது, பவுடர் டப்பாவைத் திறக்கவே இல்லை. முட்டை வேண்டாம் என்பவர்கள் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் எடுக்கலாம், 14 கிராம் வரும். கூடவே தயிர். பருப்பு, பயறு வகைகளிலிருந்து வரும் புரதத்தில் தசையைத் தட்டி எழுப்பும் லூசின் என்ற கூறு சற்றுக் குறைவு என்பதால், அளவைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பவுடர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பல் இல்லை, பசியே எடுப்பதில்லை, காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கிறார் என்றால் அது கைகொடுக்கும். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு நான் சொன்ன இந்தப் புரதக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

குடித்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 100 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. சராசரி வயது 87. பத்து வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களுக்குத் தசை பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. நீங்கள் எடை தூக்குவதை விடவே விடாதீர்கள்.

அப்புறம், வெறும் வயிற்றில் நடப்பது. உங்களுக்குத் தலைசுற்றல் இல்லை, சோர்வு இல்லை என்றால் அப்படியே தொடரலாம். எடை தூக்கும் நாளில் மட்டும் ஒரு அரை மணி முன்பு பாதி வாழைப்பழம் சாப்பிட்டுப் பாருங்கள், தெம்பாக இருக்கலாம். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கிவிடும், அதை நம்பிக் காத்திருக்க முடியாது. (இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.) வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே பயிற்சி வேண்டாம். ரத்தம் குடல் பக்கம் போவதால் முதியவர்களில் சிலருக்கு இரண்டு மணி நேரம் வரைக்கும் ரத்த அழுத்தம் இறங்கி நிற்கும்.

இப்போது உங்கள் கணவர். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ரொம்பத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை இருந்தால், அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டால், வெறும் வயிற்றில் முக்கால் மணி நடப்பது அவருக்குச் சரிப்படாது. கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

கிறுகிறுப்பு வந்தால் உட்காரவைத்து உடனே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கையில் மீட்டர் இல்லையென்றால் யோசிக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை சரியாக இருந்தும் தலைசுற்றினால் ரத்த அழுத்தமாகவோ இதயமாகவோ இருக்கலாம். எப்படி இருந்தாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, கடைசியாக என்ன சாப்பிட்டார், மீட்டரில் எவ்வளவு காட்டியது என்று ஒரு தாளில் குறித்து, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவரைத் தனியாக நடக்க விடாதீர்கள். அவர் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.