ராலாமியும் கீனி மீனியும்

வணக்கம் நேயர்களே. இலங்கைப் பொலிஸையும் அதைப் பழக்க வந்த வெளிநாட்டுக்காரரையும் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பொலிஸ்காரனும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் முப்பது வருடம் வரலாறு படிப்பித்த ஆள். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், ஒரு பழைய சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ராலாமி.

என் வயதுக்காரருக்கு இது நினைவிருக்கும். ஊர்ப் பொலிஸ்காரரைச் சிங்களத்தில் ராலஹாமி என்பார்கள், எங்கள் வாயில் ராலாமி. காக்கி உடுப்பு, ஒரு சைக்கிள், இடுப்பில் குண்டாந்தடி. மாடு வயலுக்குள் இறங்கினால் ராலாமி வருவார். பக்கத்து வளவுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாலும் வருவார். வந்து கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்து, இரண்டு பகுதியையும் நன்றாக ஏசி, புத்தகத்தில் ஒரு என்ட்ரி போட்டுவிட்டுக் கிளம்புவார். அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கசிப்புக் காய்ச்சுகிறவர்களிடம் அவரவர் ஊர் ராலாமியைக் கேட்டால் வேறு கதை வரும். ஆனால் ஒன்று, அவருக்கு ஊர் தேவை. இன்னார் இன்னாருடைய மகன், இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரியாவிட்டால் அவருடைய வேலை ஓடாது.

1980களின் நடுவில் இன்னொரு வகை பொலிஸ் வந்தது. பச்சைப் புள்ளி உடுப்பு, தானியங்கித் துப்பாக்கி, மண்மூட்டை அடுக்கிய முகாம், வாசலில் தார்ப் பீப்பாய். சட்டப்படி அவர்களும் பொலிஸ்தான், பொலிஸ் மா அதிபருக்குக் கீழேதான். பெயர் விசேட அதிரடிப்படை. எங்கள் சனம் இன்றைக்கும் எஸ்.டி.எஃப். என்றே சொல்லும். ஆமியா பொலிஸா என்று கேட்டால், "எஸ்.டி.எஃப்." என்பதுதான் பதில். அது மூன்றாவது இனம் என்பது போல.

இந்த மூன்றாவது இனம் எங்கிருந்து வந்தது?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கத்துக்கு அவசரமாகப் பயிற்சியாளர்கள் தேவைப்பட்டார்கள். இந்தியாவைக் கோபப்படுத்திக்கொண்டு வெளிப்படையாக வர மேற்கு நாடுகளுக்கு விருப்பமில்லை. பிரித்தானியாவிலிருந்து ஒரு கம்பனி வந்தது. பெயர் கே.எம்.எஸ்., விரித்தால் கீனி மீனி சேர்விசஸ். பெயரைக் கேட்டால் சிறு பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். புல்லுக்குள் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும் பாம்பைக் குறிக்கும் சுவாகிலிச் சொல் அது என்று விளக்கம் சொல்வார்கள். கம்பனியை நடத்தியவர்கள் பிரித்தானியாவின் எஸ்.ஏ.எஸ். என்ற விசேட படையிலிருந்து விலகியவர்கள். அவர்களில் ஒருவரான டேவிட் வோக்கர், பிறகு நிக்கரகுவாவில் அமெரிக்கா நடத்திய மறைமுகப் போரிலும் பேர் அடிபட்டவர். இங்கே அந்த ஏற்பாட்டை முன்னின்று செய்தவர் ஜனாதிபதியின் மகனும் பாதுகாப்பு ஆலோசகருமான ரவி ஜயவர்தன.

1984இல் பயிற்சி தொடங்கியது. இடம் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்த. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் இருந்த இடம் அது. அப்போது அந்தத் தளத்துக்கு வைத்த பெயர் உகுஸ்ஸா, சிங்களத்தில் பருந்து. போர் முடிந்து வெள்ளைக்காரர் போனார்கள். நாற்பது வருடத்துக்குள் அதே ஊருக்குச் சம்பளத்துக்கு வந்தார்கள். இது எங்களுடைய வேலை இல்லை, தனியார் கம்பனியின் வியாபாரம் என்று லண்டன் சொல்லிக்கொண்டது. அரசாங்கம் அனுப்பினால் பாராளுமன்றத்தில் கேள்வி வரும். கம்பனி அனுப்பினால் பில் மட்டும்தான் வரும்.

அதே 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஒரு பிரிவு திறக்கப்பட்டது. அங்கிருந்தும் பாதுகாப்பு ஆலோசகர்கள் வந்தார்கள். 1990இல் பிரேமதாச அதை மூடினார்.

சரி, இனிக் கொஞ்சம் பின்னால் போவோம். வாத்தியார் என்றால் பின்னால் போகாமல் இருக்க முடியாது.

பிரித்தானியாவில் இரண்டு விதமான பொலிஸ் இருந்தது. ஒன்று லண்டனில் 1829இல் தொடங்கியது. துவக்கு இல்லை, பொதுமக்களில் ஒருவன் சீருடை போட்டிருக்கிறான் என்பதுதான் அதன் எண்ணம். மற்றது அயர்லாந்தில் இருந்தது. பரக்கில் தங்கும், துவக்கு வைத்திருக்கும், குடிமக்களைக் கண்காணிக்கும். உள்நாட்டுக்கு முதலாவது, ஆளப்படும் நாடுகளுக்கு இரண்டாவது. குடியேற்ற நாடுகளின் பொலிஸ் அதிகாரிகளை டப்ளினுக்கு அனுப்பிப் பழக்குவது அந்தக் காலத்து வழக்கம்.

1922இல் அந்த அயர்லாந்துப் பொலிஸ் கலைக்கப்பட்டது. வேலை போனவர்களில் பல நூறு பேர் நேரே பாலஸ்தீனத்துக்குப் போய் அங்குள்ள ஆயுதப் பொலிஸில் சேர்ந்தார்கள். 1929இல் பாலஸ்தீனத்தில் பெரிய கலவரம் வந்தது. பொலிஸைத் திருத்தி அமைக்க ஓர் அனுபவசாலி வேண்டும். யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எங்கள் ஆளை! 1913 முதல் 1937 வரை இலங்கைப் பொலிஸின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் டௌபிகினை. 1930இல் அவர் எருசலேமுக்குப் போய் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த டௌபிகின்தான் 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இங்கே பொலிஸ் மா அதிபர். கொழும்பில் பழகியது எருசலேமுக்குப் போயிற்று. ஐம்பத்துநான்கு வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இங்கே ஆலோசகர்கள் வந்தார்கள். கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று என் மாணவர்களிடம் பகிடியாகச் சொல்வதுண்டு.

டௌபிகினுக்குப் பிறகு கல்கத்தாவின் பொலிஸ் ஆணையாளராக இருந்த சார்ல்ஸ் டெகார்ட் பாலஸ்தீனத்துக்குப் போனார். அவர் கட்டுவித்த கோட்டை மாதிரியான பொலிஸ் நிலையங்கள் பல இன்னும் நிற்கின்றன. 1948இல் பிரித்தானியா பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறியது. அதே வருடம் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம். பாலஸ்தீனப் பொலிஸின் தலைவராக இருந்த நிக்கோல் கிரே மலாயாப் பொலிஸின் ஆணையாளரானார். அவருக்குப் பின்னால் சில நூறு பாலஸ்தீன சார்ஜன்ட்களும் போனார்கள். அங்கே தோட்டங்களில் இருந்த தமிழருக்கு அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துவக்கு வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். எஸ்.ஏ.எஸ். படையை மறுபடி உயிர்ப்பித்ததும் மலாயாக் காட்டில்தான். அந்தப் படையில் வளர்ந்தவர்கள்தான் கட்டுகுருந்தவில் வந்து இறங்கினார்கள்.

அதற்கு முன்னோட்டமும் ஒன்று உண்டு. 1979இல் ஜாக் மோர்டன் என்ற முதிய பிரித்தானிய உளவு அதிகாரி கொழும்புக்கு வந்து, பொலிஸின் உளவுப் பிரிவை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று ஆலோசனை சொன்னார். மலாயாவில் வேலை செய்தவர், வட அயர்லாந்துப் பொலிஸுக்கும் ஆலோசனை சொன்னவர். அந்த வருடம்தான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. 1978 முதல் 1980 வரையான இலங்கைக் கோப்புகள் கிட்டத்தட்ட 200ஐப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு அழித்துவிட்டது என்பது 2018இல் வெளியே வந்தது. வரலாற்று வாத்தியாருக்கு இதைவிட வயிற்றெரிச்சலான செய்தி வேறில்லை.

பயிற்சி என்றவுடன் நாங்கள் சுடுவது, குதிப்பது, கயிற்றில் இறங்குவது என்று நினைக்கிறோம். அது பெரிய விசயமில்லை, எந்த இளைஞனுக்கும் சில மாதத்தில் வரும். கண் பழகுவதுதான் பெரிய விசயம். ராலாமி ஒரு தெருவைப் பார்த்தால் வீடு வீடாகப் பார்ப்பார். காட்டுப் போரில் பழகியவனிடம் பழகினவன் அதே தெருவில் மறைவிடம், சூட்டு எல்லை, தப்பும் வழி என்று பார்ப்பான். அவனுக்கு யாருடைய மகன் என்று தெரியத் தேவையில்லை. அதற்குத் தலையாட்டி இருக்கிறான்.

தலையாட்டி தெரியாத இளம் நேயர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிவளைப்பு என்றால் விடியப்புறத்தில் ஒலிபெருக்கி கேட்கும். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும். வெயிலில் வரிசையாக இருத்துவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். உள்ளே தலை முழுக்கச் சாக்கு மூடிய ஒருவன். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் சும்மா இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம், தலையாட்டினால் போகமுடியாது. நானும் அப்படி நடந்திருக்கிறேன். யாருடைய ஜீப் என்பதை விடுவோம். அந்தப் பத்து அடியில் எனக்குத் தெரிந்தது சாக்கின் ஓரத்தில் நைந்து தொங்கிய ஒரு நூல், அதற்குக் கீழே வெறுங்கால். கால் பெருவிரலில் சேறு காய்ந்திருந்தது. எங்கள் வயல் சேறு. 1950களில் கென்யாவில் பிரித்தானியர் இதையே செய்தபோது அங்கத்தைய மக்கள் அந்த ஆளைக் ககூனியா என்றார்கள். சின்னச் சாக்கு என்று அர்த்தம்.

இனி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வருவோம். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. வாவியைப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடக்க வேண்டும். அக்கரையில் கொக்கட்டிச்சோலை, அதையடுத்து மகிழடித்தீவு. அங்கே ஓர் இறால் பண்ணை இருந்தது. சுற்றுவட்டாரப் பொடியன்களுக்கு வேலை கொடுத்த இடம். 1987 ஜனவரி 27ஆம் திகதி தொடங்கிய அதிரடிப்படை நடவடிக்கையில் அந்தப் பகுதியில் 80க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், பண்ணையில் வேலை செய்தவர்களும் அதில் அடக்கம். அரசாங்கம் மறுத்தது. பயிற்சி கொடுத்த கம்பனி அப்போதும் நாட்டில்தான் இருந்தது.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு மறுமொழி வரும், "மாஸ்டர், புலிகள் பொலிஸ்காரரைக் கொல்லவில்லையா?" கொன்றார்கள். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைக் கொன்றார்கள். பெரும்பாலும் ராலாமிமார்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. போரில் படை தேவைப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். படை என்றால் படை என்று அழையுங்கள். பொலிஸ் என்ற பலகையை மாட்டிவிட்டு உள்ளே படையை வைத்தால், போர் முடிந்த பிறகு அது எங்கே போகும்?

எங்கும் போகவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் அதிரடிப்படையினர் கைதாகி, 2019இல் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். 2012 நவம்பரில் வெலிக்கடைச் சிறைக்குள் சோதனை போட அதே படைதான் போனது. அன்று 27 கைதிகள் செத்தார்கள். அதில் சிங்களவர், தமிழர் என்ற கணக்கு இல்லை. 2022 ஜூலை 22 விடியப்புறம் காலிமுகத்திடலில் போராட்டக்காரரின் கூடாரங்களைப் பிய்த்தபோது ஆமியோடும் பொலிஸோடும் அவர்களும் நின்றார்கள். அன்று கொழும்பு நண்பர் ஒருவர் தொலைபேசியில், "மச்சான், இப்படியும் செய்வாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நடுவில் ஸ்கொட்லாந்துக்காரர் வந்தார்கள். டுலியாலன் என்ற இடத்திலுள்ள அவர்களுடைய பொலிஸ் கல்லூரி, பல வருடம் இலங்கைப் பொலிஸுக்குப் பயிற்சி கொடுத்தது. இது வேறு பாடம்: மக்களோடு பழகும் பொலிஸ், பெண்கள் மீதான வன்முறையை எப்படிக் கையாள்வது. பாடத்தில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் படித்தவர்களின் கையில் சான்றிதழ் இருந்தது, நிலையத்தில் அடி குறையவில்லை என்று மனித உரிமைக்காரர் சொன்னார்கள். 2021இல் ஸ்கொட்லாந்துப் பொலிஸ் முதலில் நிறுத்திவைத்து, பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தது.

அமெரிக்காவில் டர்ஹாம் என்று ஒரு நகரம் இருக்கிறது, வட கரோலைனாவில். எங்கள் பொலிஸ் வெளிநாட்டில் இராணுவப் பாணிப் பயிற்சி எடுக்கக்கூடாது என்று 2018இல் அந்த நகரசபை ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பொறாமை வந்தது. தீர்மானத்தைப் பார்த்து அல்ல, ஒரு நகரசபையிடம் பொலிஸைப் பற்றிய பேச்சே வருகிறதே என்று. இங்கே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் 1987இலேயே எழுதப்பட்டது. இன்னும் கொடுபடவில்லை. யார் வந்து என்ன பழக்குகிறார்கள் என்று மட்டக்களப்பு மாநகரசபை கேட்கவா முடியும்?

2020இல் லண்டன் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு, கீனி மீனிக் கம்பனி இங்கே செய்தவை பற்றி விசாரணை தொடங்கியது. பத்திரிகையில் வந்த அன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். படுவான்கரையில் பிறந்தவர், எண்பது தாண்டியவர். கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

"எந்தப் பொலிசு மனே விசாரிக்கிற?"

"லண்டன் பொலிசு, பெரியம்மா."

"துவக்கு வெச்சிருப்பாங்களோ?"

"அங்க ரோட்டுல நிக்கிற பொலிசுக்குத் துவக்கு இல்ல, பெரியம்மா. தடி மட்டுந்தான்."

"தடி மட்டுமா?" என்றார். நம்பவில்லை. நான் வெள்ளைக்காரரைப் பற்றி ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்து, வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்.

வணக்கம்.